டப்பாவில் இருந்த நன்மைகள்

காயப்போட்ட மல்லாட்டையின் (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) மண்வாசம் சன்னல் வழியே வந்துகொண்டிருந்த அந்தக் காலையில் வகுப்பில் இருந்தவர்கள் ஆறு பேர்: பாடம் நடத்திய ஆபா, நான், என் பக்கத்தில் ஷமீமா, அவள் தம்பி, பழக்கடைக்காரரின் இரட்டைப் பெண்கள். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் 'மெட்ராஸ் ஐ'. இத்தனை வருடம் கழித்தும் ஆளை எண்ணிச் சொல்கிறேன் என்றால், அந்த ஆறு பேரில் யூனிபார்ம் பைக்குள் திருட்டு மல்லாட்டை வைத்திருந்தவள் நான் ஒருத்தி என்பதால்தான்.

திண்டிவனத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் 'கமிட்டி', அதாவது சுற்றுவட்டாரத்து விவசாயிகள் விளைச்சலைக் கொண்டுவந்து ஏலம் விடும் இடம். காலையில் அதன் வழியாக வரும்போது, ஒலக்கூர்ப் பக்கமிருந்து வரும் ஓர் அம்மா சாக்கை விரித்து மல்லாட்டையைப் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எங்களுக்கு முதல் பீரியடு 'தீனியாத்'. அல்லாஹ் ஒருவன் என்பதில் தொடங்கி, முந்திக்கொண்டு ஸலாம் சொல்வது, உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது, தும்மினால் என்ன சொல்ல வேண்டும் என்பது வரை எல்லாம் அதில் வரும். நாங்கள் ஒழுங்காக நடந்துகொண்ட ஒவ்வொரு முறையும் ஆபா ஒரு புளியங்கொட்டை தருவார். அதை அவரவர் 'நன்மை டப்பா'வில் போட்டுக்கொள்ள வேண்டும். என்னிடம் நாற்பத்திரண்டு இருந்தன. கணக்கிலும் ஓட்டத்திலும் கடைசியாக வரும் நான் முதலாவதாக நின்ற ஒரே இடம் அந்த டப்பாதான்.

"இன்னிக்கு ஒரு விளையாட்டு" என்று ஆபா என் டப்பாவை வாங்கிக்கொண்டார். "இவ தொழுதா, நோன்பு வச்சா, இவ்ளோ சேத்து வச்சிக்கினா. ஆனா ஷமீமாவோட பென்சில கேக்காம எடுத்துட்டான்னு வச்சிக்குங்க." ஒரு பிடி ஷமீமாவின் டப்பாவுக்குப் போனது. "அவ தம்பிய அடிச்சிட்டா." இன்னொரு பிடி தம்பியின் டப்பாவுக்குப் போனது. காலியான என் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். "அல்லாவுக்குச் செஞ்ச தப்ப, அழுது கேட்டா அவன் மன்னிச்சிருவான். மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசன்தான் மன்னிக்கணும். இல்லன்னா மறுமையில இப்டித்தான் நிக்கணும்."

பாடம் முடிந்ததும் கொட்டைகள் எண்ணித் திரும்பி வந்தன. ஆனால் ஆபாவுக்குத் தெரிந்துவிட்டதோ, தெரிந்துதான் என் டப்பாவை எடுத்தாரோ என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏண்டி முழிக்கிற? கொட்டதான் வந்துட்டுதே" என்றாள் ஷமீமா. மதியம் மல்லாட்டையைத் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் பயம் வந்தால் எதையாவது மெல்வது என் வழக்கம். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பையில் தோல் மட்டும்தான் மிச்சம்.

டப்பாவோடு கமிட்டிக்கு ஓடினேன். அந்த அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மல்லாட்டையைக் கையால் துழாவிக்கொண்டிருந்தார்.

"பெரிம்மா, உங்க மல்லாட்டைய ஒரு கை எடுத்துத் தின்னுட்டேன். இதுல நாப்பத்திரண்டு நன்மை இருக்குது. எடுத்துக்கினு, மன்னிச்சேன்னு சொல்லுங்க."

அவர் டப்பாவுக்குள் பார்த்தார். "புளியங்கொட்டயக் குடுத்து மல்லாட்ட வாங்கறியா? ஏலத்துக்கு வர்ற யாவாரிங்களே தேவல."

"மன்னிச்சேன்னு சொல்லுங்க பெரிம்மா."

"சொல்றேன் இரு. ஏன் அழுவற? குடு, எம் பொண்ணு பல்லாங்குழி ஆடும்." கொட்டைகளை மடியில் கொட்டிக்கொண்டு, இன்னொரு கை மல்லாட்டையை அள்ளி என் பைக்குள் திணித்தார். அதற்குள் அவருடைய மூட்டைக்கு ஏலம் வந்துவிட்டதென்று யாரோ குரல் கொடுக்க, "ஜல்தியா வந்துர்றேன்" என்று எழுந்து போனார். பள்ளிக்கூடத்து மணியும் அடித்தது. அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவே இல்லை.

அதன் பிறகு கமிட்டி நடக்கும் நாளெல்லாம் சுவரை எட்டி எட்டிப் பார்த்தேன். அறுவடை முடிந்திருக்கும் போலிருக்கிறது, அவர் வரவில்லை. அடுத்த அறுவடைக்கு முன்பே அத்தாவுக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்துவிட்டோம். இங்கே எட்டாவதோடு என் படிப்பும் நின்றது. கவலைப்படுவது மட்டும் நிற்கவில்லை.

இப்போது என் மகள் படிக்கும் பள்ளியில் புளியங்கொட்டை கிடையாது, நல்ல பழக்கத்துக்கு அட்டையில் ஸ்டார் ஒட்டுகிறார்கள். ஒட்டினது ஒட்டினதுதான், இன்னொருவருக்குப் பிய்த்துக் கொடுக்க முடியாதே என்று அதற்கும் எனக்குக் கவலை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் போனபோது பார்த்தேன்: எங்கள் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. எட்டிப் பார்த்த அந்தச் சுவரும் இல்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டதற்கு, "உரியவங்க கெடைக்கலன்னா அவங்க பேர்ல தர்மம் பண்ணிடுங்கம்மா" என்றார். பேர் தெரியாதே என்றேன். "அல்லாவுக்குத் தெரியும்" என்றார். சரிதான். ஆனால் கொடுத்துவிட்டால், அவர் இனிக் கிடைக்கவே மாட்டார் என்று நானே முடிவு கட்டியதுபோல் ஆகிவிடும். அதற்கு மனம் துணியவில்லை. அந்த இரண்டாவது கையை அவர் சும்மா கொடுத்தாரா, கொட்டைக்கு ஈடாகக் கொடுத்தாரா என்பதும் இன்னும் விளங்கவில்லை. எதற்கும் இரண்டு கை என்றே வைத்துக்கொண்டு, கடைத் தராசில் மல்லாட்டையைப் போட்டு விலை பார்த்தேன். பன்னிரண்டு ரூபாய். தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், தர்மத்துக்கு இல்லை, அவருக்கு.