போளூர் என்று சொன்ன பிள்ளை

“அக்கான்னு வாயால சொல்லிட்டா ஆச்சாம்மா? நாளைக்கு இன்னொருத்தி வந்து நாந்தான் அக்கான்னு நிப்பா.”

ஆந்திர எல்லையைத் தாண்டி, தமிழும் பேசுகிற ஒரு ஊரில், குழந்தைகள் இல்லத்தின் அலுவலக அறையில் அதன் பொறுப்பாளர் அம்மா இதைச் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. என் கல்லூரி அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜீப்பில் மலையேறும்போது ஊரே பார்க்கும். பார்க்கட்டும் என்றுதான் கழற்றாமல் வருவேன். அங்கே அது ஒரு பிளாஸ்டிக் துண்டு.

சுவருக்கு அந்தப்பக்கம் என் தங்கை இருந்தாள். எட்டு வயது. அவள் எங்கள் பிள்ளைதான் என்று நாங்கள் நிரூபிக்காவிட்டால், உரியவர் யாரும் இல்லாத பிள்ளை என்று எழுதி, தத்துக் கொடுக்கிற பட்டியலில் சேர்த்துவிடுவார்களாம். அதையும் அந்த அம்மா பேருந்து நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

சாமை அறுப்பு முடிந்தால் ஜவ்வாது மலையில் வேலை இல்லை. அப்பாவும் அம்மாவும் ஆந்திராவுக்குக் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் தங்கையை என்னிடம் விட்டுப் போவார்கள். இந்த முறை நான் திருவண்ணாமலையில் விடுதியில் இருந்தேன். அம்மா போன் செய்து, “ஒரு மாசம் வந்து இருக்கறியா? பாப்பாவ யாருகிட்ட வுடறது?” என்றாள். பரீட்சை இருக்கிறது என்றேன். பரீட்சை இருந்தது உண்மைதான். அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வேலைக்குக் கிளம்புகிற எல்லோருக்கும் எங்கள் ஊரில் ஒரு பாடம் உண்டு. எல்லையைத் தாண்டினால் மலை என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. மலைக்காரன் என்றால் அங்கே செம்மரம் வெட்ட வந்தவன். பையில் வெட்டுக்கத்தி இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கத்தி இல்லாமல் கரும்பு எப்படி வெட்டுவது என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. அதனால் போளூர் என்று சொல்ல வேண்டும். கீழே இருக்கிற ஊர், எல்லோருக்கும் தெரிந்த ஊர். விடுதியில் சேர்ந்த முதல் நாள் நானும் போளூர் என்றுதான் சொன்னேன். என்னைப் பிடிக்க அங்கே போலீஸ் யாரும் இல்லை. வெட்கத்தில் சொன்னேன்.

தங்கை உளறிவிடுவாள் என்று அப்பாவுக்குப் பயம். தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்த என்னைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். படித்த பிள்ளை சொன்னால் மண்டையில் ஏறும் என்றார். நான் டீச்சர்போல உட்கார்ந்து கேட்டேன்.

“எந்த ஊரு?”

“போளூரு.”

“போளூர்ல எங்க?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால.”

“மலைக்குப் போயிருக்கறியா?”

“மலையா? இன்னா மலை?”

அப்பா சிரித்தார். “பாரேன், வக்கீலு கணக்கா பேசுது!” தப்பில்லாமல் சொன்னதற்காக நான் அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

இல்லம் இருக்கிற அந்த ஊரில் அவர்கள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் போலீஸ் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தது. கத்திகளைப் பார்த்ததும் அப்பாவோடு சேர்த்து ஆண்களை எல்லாம் வேனில் ஏற்றியது. அம்மா தங்கையை மூட்டைமேல் உட்கார வைத்து, “இங்கயே இரு, அப்பாவ கூட்டிகினு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வேனுக்குப் பின்னால் ஓடினாள். ஸ்டேஷனைக் கண்டுபிடிக்கவே வெயில் ஏறிவிட்டது. திரும்பி வந்தபோது மூட்டை இருந்தது, பிள்ளை இல்லை. தனியாக இருந்த குழந்தையைப் பார்த்து யாரோ தகவல் சொல்லி, இல்லத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். தங்கை பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறாள்.

ஸ்டேஷனில் அப்பாவும் போளூர் என்றுதான் சொல்லியிருக்கிறார். நாலு நாள் வைத்திருந்து, வழக்கு இல்லை என்று விட்டார்கள். இல்லத்துக்குப் போன அம்மா மட்டும் அழுதுகொண்டே நிஜ ஊரைச் சொல்லிவிட்டாள். பிள்ளை அடையாளம் காட்டினால் போதாது, காகிதமும் வேண்டும் என்றார்கள். போளூருக்குக் கடிதம் போட்டுக் கேட்டார்கள். அப்படி ஒரு குடும்பம் இங்கே இல்லை என்று பதில் வந்தது. எப்படி இருக்கும்?

நான் காகிதங்களோடு போனேன். தங்கை வீட்டில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் ஆதார் இல்லை, அதனால் ரேஷன் கார்டில் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் இருந்தது. தலைமையாசிரியர் முத்திரை போட்டுக் கொடுத்த சான்றிதழை நீட்டினேன்.

“பிள்ள போளூர்ன்னு சொல்லுது. இதுல மலைன்னு இருக்குது. அப்ப இது வேற பிள்ள” என்றார் அந்த அம்மா.

குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நாங்கள் நின்றது அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து. நீளமான மேசை, நாலு பேர். தங்கையைக் கூட்டி வந்தார்கள். பேன் என்று தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். யாருடையதோ ஒரு பச்சை கவுன், முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அம்மா இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். தொடக் கூடாது என்றார்கள்.

தலைவராக இருந்தவர் அன்பாகத்தான் கேட்டார். “பாப்பா, உனக்கு எந்த ஊரு?”

தங்கை அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பத்துக்குப் பத்து வாங்கின அன்றைய சிரிப்பு வந்தது. அக்கா பரீட்சை வைக்க வந்திருக்கிறாள்.

“போளூரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால.”

“இல்ல பாப்பா,” என்றேன். “இப்ப நெசத்த சொல்லு. மலையில நம்ம ஊர சொல்லு.”

“மலையா?” என்றாள் அவள். “இன்னா மலை?”

நாலு பேரில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். “பாத்தீங்களா, நம்ம முன்னாடியே சொல்லிக்குடுக்குது இந்தப் பொண்ணு.” அப்படியே பதிவேட்டிலும் எழுதிக்கொண்டார்கள். தங்கையை உள்ளே கூட்டிப் போகும்போது அவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். எத்தனை மார்க் என்று கேட்கிற பார்வை.

அடுத்த அமர்வுக்குள், குழந்தை ஏன் வேறு ஊரைச் சொல்கிறது என்று எழுத்தில் காரணம் தர வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு முடிக்கப்படும். தலைவர் இதைச் சொன்னபோது அப்பா தலையாட்டினார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. படித்ததால் எனக்குக் கிடைத்தது அதுதான்.

ஊருக்கு வந்து எழுதினேன். இரண்டு பக்கம். நாங்கள் ஏன் ஊரை மறைக்கிறோம், யார் சொல்லிக்கொடுத்தது, எப்படிச் சொல்லிக்கொடுத்தது, எல்லாம். அந்த அறையில் இருந்த யாராலும் இவ்வளவு தெளிவாக எழுத முடியாது என்று இன்றும் சொல்வேன். விஷயம் பரவி, மறுநாள் காலையில் வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

“இன்னா காலேஜி,” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. “ஒன் தங்கச்சிய வெளிய எடுக்கறதுக்கு எங்க வூட்டுக்காரர உள்ள தள்ளப்போறியா?”

அவள் புருஷன் அப்போதும் எல்லைக்கு அந்தப்பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டுதான் இருந்தான்.

எங்கள் ஊர் நியாயம் பேசுகிற ஊர்க்கவுண்டர் என்னிடம் தணிவாகத்தான் பேசினார். “போளூருன்னு சொல்றது பொய்யின்னு நீயே எழுதிக்குடுத்துட்டா, நாளைக்கு போளூருன்னு சொல்றவன எல்லாம் புடிப்பாங்க. அப்புறம் நாங்க எந்த ஊர சொல்றது? நீயே சொல்லு.”

“நம்ம ஊர சொல்லுங்க” என்றேன்.

“நீ சொல்லுவ. ஒன்ன யாரு அடிக்கப் போறாங்க?”

நான் கூட்டத்தைப் பார்த்து, “அப்ப எங்க பாப்பாவ யாருக்காவது குடுத்துடச் சொல்லிடட்டுமா? நீங்களே வாயால சொல்லுங்க” என்றேன். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசலைப் பார்ப்பதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் எரிச்சலாக இருக்கிறது.

அப்பா கைநாட்டு வைக்க மாட்டேன் என்றார். அந்த நாலு நாளில் ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை. காகிதத்தை நீட்டியதும் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை. அம்மா, பேனா மையை விரலில் தடவிக்கொண்டு வந்து, “எங்க வெக்கணும், காட்டு” என்றாள்.

‘பொய்யைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்’ என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். பக்கத்தில் அம்மாவின் ரேகை. எங்கள் ஊரின் பெயரை, மலையோடு சேர்த்து, முழு முகவரியாக எழுதி, நேற்றுக் காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.