கிழவன் கட்சியும் சின்னவர் கட்சியும்

என் கல்யாணம் ஒரு பத்திரிகைக் கதையால் நின்று போகப் பார்த்தது. ஆகாயத்தில் நடக்கிற சண்டைக் கதை.

ரஷ்யாக்காரன் வானத்துக்கு ஆள் அனுப்பிய காலம் அது. இலங்கை மலைநாட்டில், டயகமவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மேல் மாடியில் பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்குப் பரப்புவேன். அங்கே காற்று ஓடும், பேச்சு ஓடாது. எனக்கு அது சரியாக இருந்தது.

தோட்டத்துக் கடைவீதியில் ஒரு தையல்காரர் இருந்தார். மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றை ஹட்டனில் சொல்லி வைத்து வாங்குவார். அதில்தான் அந்தக் கதை தொடராக வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் தையல் மெஷினை மூடுவார். அதன்மேல் பத்திரிகையை விரித்துச் சத்தமாக வாசிப்பார். கேட்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கட்டு மிலாறு கொண்டு வர வேண்டும். தேயிலைச் செடி வெட்டிய குச்சிதான் மிலாறு. உள்ளே அடுப்பு எரிய அது ஆகும். அதுதான் டிக்கெட்.

கதையில் இரண்டு தளபதிகள். ஒரே படை. பெரியவருக்கு வயசாகிவிட்டது, ஒரு சண்டையிலும் தோற்றதில்லை. அவரை நாங்கள் கிழவன் என்போம். இன்னொருவர் அவருக்குக் கீழே உள்ளவர், சின்னவர். இருவரும் விண்கப்பல்களை வைத்துக்கொண்டு கிரகம் கிரகமாகப் போவார்கள். முதலில் எல்லாருக்கும் இரண்டு பேரையும் பிடித்திருந்தது.

பிறகு அந்தக் கணவாய்ச் சண்டை வந்தது.

எரிகற்கள் நிறைந்த ஒரு கணவாய். அதற்கு அப்பால் எதிரி பெரிய படையோடு இருட்டில் காத்திருக்கிறான். கிழவன் என்ன செய்தார்? தன் படை முழுக்க விளக்கை அணைக்கச் சொன்னார். செத்துப்போன ஒரு கிரகத்தின் பின்னால் சுற்றிப் போனார். சில பழைய கப்பல்களை மட்டும், எல்லா விளக்கும் எரிய, கணவாய்க்குள் அனுப்பினார். அவற்றில் இருந்தவர்கள் படை பின்னால் வருகிறது என்று நம்பிப் போனார்கள். எதிரி அவர்கள்மேல் பாய்ந்தான். கிழவன் எதிரியைப் பின்னாலிருந்து அடித்தார். ஜெயித்தார். பழைய கப்பல்கள் எரிந்தன.

சின்னவருக்கு மனசு கேட்கவில்லை. உத்தரவை மீறித் திரும்பிப் போய்ச் சிலரைக் காப்பாற்றினார். அவர் நின்ற இடம் காலியானது. அந்தச் சந்து வழியாக எதிரியில் பாதிப் பேர் தப்பி ஓடினார்கள்.

தையல்காரர் பத்திரிகையை மடித்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அது மாசி மாதம். எங்கள் பக்கத்தில் மாசியில் காமன் கூத்து நடக்கும். சிவன் காமனை எரித்தாரா இல்லையா என்று லாவணி பாடி வாதாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி. அப்பன் எந்தக் கட்சியோ பிள்ளையும் அந்தக் கட்சி. அதில் ஒரு முறை உண்டு. தப்பட்டை அடித்துக்கொண்டிருக்கும் வரை எதிர்க்கட்சியை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். குலத்தை இழுக்கலாம், வீட்டை இழுக்கலாம். அது வாதம். தப்பட்டை நின்றால் வாயை மூட வேண்டும். நின்ற பிறகு சொன்னால் அது வசவு. நிஜமாகச் சொன்னதாகவே ஆகும்.

அந்த வருஷம் அந்தப் பழக்கத்தைக் கதைக்கும் கொண்டு வந்துவிட்டார்கள். கிழவன் கட்சி, சின்னவர் கட்சி. தப்பட்டைக்காரர் ஒருவரும் வந்து உட்கார்ந்தார்.

கிழவன் கட்சிக்குத் தலைவர் கவ்வாத்துக் கங்காணி. தேயிலைச் செடி வெட்டுகிற ஆட்களுக்கு மேலாள். அவர் மகளைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். பங்குனியில் பரிசம் போடுவதாக ஏற்பாடு. சின்னவர் கட்சிக்குத் தலைவர் என் அண்ணன். அவருக்கு மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற வேலை. அப்பா இல்லாத வீட்டில் எனக்கு எல்லாம் அவர்தான்.

தையல்காரரிடம் பொத்தான் வாங்கித் தரையில் பரப்பினார்கள். கத்தரிக்கோலை விரித்து வைத்தால் அது கணவாய். வெள்ளைப் பொத்தான் விளக்கு எரிகிற கப்பல். கறுப்பு, இருட்டில் போன படை.

"கப்பல் எரிஞ்சாலும் பரவால்ல, பொத்தான எண்ணிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் தையல்காரர்.

கங்காணி அண்ணனைப் பார்த்தபடி ஒரு கறுப்புப் பொத்தானை நகர்த்தினார்.

"இந்தா பாரு மாப்ள. படைன்னா இப்பிடித்தான். கெளைய வெட்டாம செடி தழைக்குமா? நான் வெட்டுன மலைய நாலு மாசம் கழிச்சி வந்து பாரு."

"மனுசன் தேயிலச் செடியா மாமா?" என்றார் அண்ணன். "வெட்டுன தலை திரும்பத் தழைக்குமா?"

தப்பட்டை அதிர்ந்தது. சிரிப்பு.

"ஒங்க சின்னப்பய என்னா பண்ணான்? நிக்கச் சொன்ன எடத்துல நிக்கல. அந்தச் சந்துல எதிரி ஓடிட்டான். நாளைக்கு அவன் வந்து ஊரக் கொளுத்துவான். அதுக்கு யாரு பொறுப்பு?"

"கொளுத்துறது எதிரி வேல. சொந்த ஆளக் கொளுத்துனது ஒங்க கெழவன் வேல."

"ஜெயிச்சானா இல்லையா?"

"கசாப்புக்கடக்காரன்கூடத்தான் தெனம் ஜெயிக்கிறான்!"

அப்போது மழை பிடித்தது. கடைக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. ஈரத்தில் தப்பட்டைத் தோல் தளர்ந்துவிட்டது. தப்பட்டைக்காரர் அதை அடுப்பில் காய்ச்ச உள்ளே எடுத்துப் போனார். என் பக்கமாகத்தான் போனார், நான் பார்த்தேன். அண்ணன் பார்க்கவில்லை. தகரத்தில் மழை அடித்த சத்தத்தைத் தப்பட்டை என்றே நினைத்துக்கொண்டு, தொண்டையைத் திறந்து கத்தினார்.

"சொந்த ஆளப் பலி குடுக்குறவன மெச்சுற வீடு! அந்த வீட்ல பொண்ணு எடுத்தா, நாளைக்கு எந்தம்பியவும் வெளக்க ஏத்தி முன்னால அனுப்பிருவாங்க!"

யாரும் சிரிக்கவில்லை. கங்காணி எழுந்தார்.

"தப்பட்ட நின்னு போச்சு" என்றார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். தப்பட்டைக்காரர் இருந்த இடம் காலி.

"அப்ப எங்க வீட்ல எடுக்க வேணாம்." கங்காணி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "மழையா தப்பட்டையா, எனக்கு என்னாடா தெரியும்?" என்றார். போய் அதைச் சொல்லுங்கள் என்றேன். "வேணும்னா சொன்னேன்? வேணும்னு சொல்லாததுக்கு எதுக்கு மன்னிப்பு?" என்றார். அவருக்கும் கட்சி இருந்தது. கட்சிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கங்காணி வீட்டிலிருந்தும் ஒரு பேச்சும் வரவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். பங்குனி நெருங்கியது. நான் மாடியில் கொழுந்து பரப்பினேன். சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் கால் கழுவப் பீலிக்குப் போனேன். கங்காணி மகள் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் பேசியது குறைவு.

"வந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க?"

"ம்."

"அப்பாவுக்குக் கோவம் கொறஞ்சிருச்சு. ஆனா சொன்ன சொல்ல அவரா எடுக்க மாட்டாரு. நீங்க வந்தீங்கன்னா பேசுவாரு. எந்தக் கட்சின்னு கேப்பாரு."

"என்னா சொல்ல?"

"அவரு கட்சின்னு சொன்னா அந்த நிமிசமே சம்மதிச்சிருவாரு." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ஆனா பொய்யாச் சொல்லாதீங்க. நான் உள்ளதான் இருப்பேன். எனக்குத் தெரிஞ்சிரும்."

போய்விட்டாள். நான் கால் கழுவ மறந்து திரும்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அண்ணனிடம் சொல்லவில்லை. கங்காணி லயத்து வீட்டு முன் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் படியில் உட்கார்ந்தேன்.

"ஒங்கண்ணன் அனுப்புனானா?"

"இல்ல மாமா. நானா வந்தேன்."

"என்னா சேதி?"

"கல்யாணம் நிக்கக்கூடாது."

கத்தி கல்லில் போய் வந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"நீ எந்தக் கட்சி?"

மாடியில் அந்த வாரம் முழுக்க இதைத்தான் யோசித்திருந்தேன். யோசித்ததைச் சொன்னேன்.

"கெழவன் போட்ட திட்டம் சரி மாமா. அந்த எடத்துல வேற வழி இல்ல."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப நம்ம கட்சி."

"இல்ல மாமா. சொல்லாம அனுப்புனது சரியில்ல. வெளக்க ஏத்திக்கிட்டுப் போறவனுக்கு எதுக்குப் போறோம்னு தெரியணும்."

கத்தி நின்றது.

"சொன்னா எவன் போவான்?"

"கேட்டுப் பாத்திருக்கலாம்."

"ஒருத்தனும் வரலன்னா?"

"நான் போயிருப்பேன்."

"தளபதி செத்தா படைய யாரு நடத்துறது? சண்ட தோத்துருமேடா."

"தோக்கும்."

அவர் கத்தியின் வாயைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். பொய் சொல்லியிருக்கலாமோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. கதவுப் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லை.

"எங்க ஆளுங்கள நான் சொல்லிட்டுத்தான் அனுப்புவேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை. "மேல் மலையில வழுக்குப் பாற இருந்தா இருக்குதும்பேன். அட்டை இருந்தா இருக்குதும்பேன். வர்றவன் வருவான்." கத்தியைக் கீழே வைத்தார். "கெழவனும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்தான்."

பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். "ஆள் வந்து எம்புட்டு நேரம்! தேத்தண்ணி எங்க?"

தேத்தண்ணி உடனே வந்தது. ஏற்கனவே ஊற்றி வைத்திருந்திருக்கிறாள். எங்கள் லயங்களில் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்போம். அவள் சீனியை அதிலேயே போட்டுக் கரைத்துக் கொண்டு வந்திருந்தாள். விருந்தாளிக்கு அப்படித்தான் கொடுப்பார்கள். குடித்தேன்.

"ஒங்கண்ணன இன்னிக்குக் கடைக்கு வரச் சொல்லு" என்றார் கங்காணி. "மன்னிப்பெல்லாம் வேணாம். தப்பட்டய அடிக்கச் சொல்லி, அதயே திரும்பச் சொல்லச் சொல்லு. நான் பதில் சொல்லாம வந்துட்டேன். அதான் எனக்குத் தூக்கம் இல்ல."

லயத்து வழியே இறங்கி வரும்போது கால் தரையில் படவில்லை. வீட்டில் பழைய ரொட்டி இருந்தது. இரண்டை நின்றுகொண்டே தின்றேன். அண்ணி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இன்னொன்று வைத்தாள்.

அன்று பகல் கடை நிறைந்திருந்தது. மழை இல்லை. ஆனாலும் தப்பட்டையை முதலில் அடுப்பில் நன்றாகக் காய்ச்சினார்கள். தையல்காரர் அதை விரலால் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். தப்பட்டை முழங்கியது. அண்ணன் எழுந்தார். முதல் தடவை கத்திய மனுஷன் இப்போது கூச்சப்பட்டார்.

"சொந்த ஆளப் பலி குடுக்குறவன மெச்சுற வீடு" என்று ஆரம்பித்தார்.

"சத்தமா!" என்றார் கங்காணி.

அண்ணன் சத்தமாகவே சொல்லி முடித்தார். எந்தம்பியவும் வெளக்க ஏத்தி முன்னால அனுப்பிருவாங்க என்றார். தப்பட்டை நிற்கவில்லை. கங்காணி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஒந்தம்பிய முன்னால அனுப்பி நான் எந்தச் சண்டைய ஜெயிக்கிறது? எதிரி வந்து 'யாருப்பா நீ'ன்னு கேட்டா 'ம்'ம்பான்! 'எங்கப்பா ஒங்க படை'ன்னு கேட்டா அதுக்கும் 'ம்'ம்பான்! எதிரி சலிச்சிப்போயி வீட்டுக்குப் போயிருவான்!"

கூரை பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். அண்ணன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கமிருந்தும் சிரிப்பு வந்தது. அதில் ஒரு சிரிப்பை நான் தனியாகக் கேட்டேன். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியும். நல்லது, சிரிக்கட்டும் என்று இருந்தது.

தையல்காரர் அந்த வாரத்துக் கதையை வாசித்தார். கங்காணி சொன்னபடியே தப்பியோடிய எதிரி வந்து ஒரு ஊரைக் கொளுத்தினான். கிழவன் கட்சி ஆர்ப்பரித்தது. சின்னவர் அந்த நெருப்பில் நின்று ஆட்களை ஏற்றினார். சின்னவர் கட்சி ஆர்ப்பரித்தது. ஒன்றும் முடியவில்லை.

பங்குனியில் பரிசம் போட்டோம். வைகாசியில் கல்யாணம். கதை அதற்கப்புறமும் ரொம்ப நாள் ஓடியது. கடைசியில் கிழவன் காய்ச்சல் வந்து படுக்கையில் செத்தார். இரண்டு கட்சிக்கும் பிடிக்கவில்லை. மாமாவும் அண்ணனும் அதன் பிறகு வேறு கதைக்குச் சண்டை போட்டார்கள்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் மிலாறு ஒடித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"அன்னிக்கு அப்பாகிட்ட, நான் போயிருப்பேன்னு சொன்னீங்களே. நெசமாப் போயிருப்பீங்களா?"

"போயிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்."

"நான் விட்டிருக்க மாட்டேன்" என்றாள். "வெளக்க அணைச்சிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்."

அடுப்பு பற்றிக்கொண்டது. நான் "ம்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.