லிங்கராஜபுரத்து மூத்த வாலிபர்

சீட் கவர் தைக்க எந்த ஸ்கூட்டர் வந்து நின்றாலும் ஸ்டான்லி முதலில் பார்ப்பது சீட்டை அல்ல, பக்கக் கண்ணாடியை. அதில் குனிந்து, மீசையில் வெள்ளை எட்டிப் பார்க்கிறதா என்று ஆராய்ந்த பிறகுதான் பழைய ரெக்சினைக் கிழிப்பார். சனிக்கிழமை அடித்த மை புதன்கிழமைக்குள் பல்லைக் காட்டிவிடும். "இந்த பெங்களூர் தண்ணி சரியில்ல சார்" என்பார். பாவம், தண்ணீர் என்ன செய்யும்?

வயது நாற்பத்து நான்கு. கீரைக்கூடையோடு கடையைக் கடக்கும் லட்சுமம்மா, "ஏனோ ஹுடுகா, சென்னாகித்தீயா?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போவாள். தன்னை இன்னமும் ஒருத்தி பையா என்று கூப்பிடுகிறாளே என்று அன்றைக்கு முழுக்க மனுஷர் தரையில் நடக்க மாட்டார். அக்கா பியாட்ரிசுக்கு அவர் தம்பி. ஆட்டோ ஸ்டாண்டில் மச்சா. கல்யாணத் தரகர்களுக்கு வருஷக்கணக்காக "நம்ம பையன்". காலேஜ் பொடிசுகள் மட்டும், "அங்கிள், எப்ப ரெடியாகும்?" என்று கேட்டுத் தொலைக்கும். அங்கிள் என்று சொன்னவனுடைய வண்டி இரண்டு நாள் கூடுதலாகக் கடையில் கிடக்கும். அந்த விஷயத்தில் அவர் கறார்.

இத்தனை பெயரிலும் அவருக்கு உயிரான பெயர் ஒன்று உண்டு, வாலிபர். அவர்கள் சபையில் வாலிபர் சங்கத்துக்கு வயது வரம்பு கிடையாது, கல்யாணம்தான் வரம்பு. தாலி கட்டிய மறுவாரமே ஆள் ஆண்கள் ஐக்கியத்துக்குப் போய்விட வேண்டும். ஸ்டான்லியோடு கிடார் வாசித்தவர்கள் எல்லோரும் அப்படிப் போய், அவர்களுடைய பிள்ளைகளும் வளர்ந்து சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். சங்கத்தின் செயலாளர் ஸ்டான்லி மட்டும் மாறவில்லை. கயிறு இழுக்கும் போட்டியில் இன்றும் கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பார். மறுநாள் முதுகில் தைலம் தேய்க்கும்போது பியாட்ரிஸ் திட்டுவதைத் தெருவே கேட்கும்.

திட்டினாலும் அவளுக்குத் தம்பி மேல் கொள்ளைப் பிரியம். புருஷன் போன பிறகு அவளுடைய இரண்டு பெண்களைக் கரையேற்றியது அவர்தான். அது முடிந்து நிமிர்ந்து பார்த்தால் தலை நரைத்திருந்தது. அப்போதுதான் அவரைக் கட்டிக்கொள்ள மேபல் சரி என்றாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். அவளும் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். முன்னே ஒரு நிச்சயம் முறிந்து, சபையில் அவள் காதுபடவே சிரித்திருக்கிறார்கள். அதனால் ஸ்டான்லியிடம் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"ஓலை வாசிக்கிறப்ப யாராவது சிரிச்சாங்கன்னா நான் எழுந்து போயிடுவேன். அப்புறம் என்னைத் தேடி வராதீங்க."

ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் வாசித்து, தடை சொல்பவர் உண்டா என்று கேட்பார்கள். அந்த வாசகத்தில் மாப்பிள்ளை "வாலிபன்", பெண் "கன்னிகை". நாற்பத்து நாலு வயது வாலிபன் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆயுசு முழுக்க ஆசைப்பட்ட வார்த்தையே இப்போது வினையாகிவிட்டது. போதகரிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தார்.

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் விட்டுட்டு வாசிங்கய்யா."

"அது அச்சடிச்ச வாசகம் தம்பி. ஸ்டான்லிக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணுன்னு வாசிக்க முடியுமா?"

அப்படியானால் காலை முதல் ஆராதனையில் வாசித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு வருவது தூக்கம் வராத பெரியவர்கள்தான், அவர்களிலும் பாதிப் பேருக்குக் காது கேட்காது. ஓலை வாசிக்கத் தேதியும் குறித்தாயிற்று. சனிக்கிழமை மாலை பியாட்ரிஸ் ஒரு மஞ்சள் டீ-ஷர்ட்டை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது எதுக்குக்கா?"

"நாளைக்கு வாலிபர் ஞாயிறு. நீதானேடா தேதி வெச்ச?"

ஸ்டான்லி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாலிபர் ஞாயிறு அன்று இரண்டு ஆராதனையும் ஒன்றாக நடக்கும், சபை முழுவதும் வரும். தேதி வைத்தவர் அவர். போஸ்டர் ஒட்டியவர் அவர். மஞ்சள் டீ-ஷர்ட் பசங்களின் தேர்வு, சரி என்று தலையாட்டியவரும் அவரேதான். இப்படியும் ஒரு மனுஷன் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வானா?

காலையில் கோயில் வாசலில் மேபல் கூட்டத்தைப் பார்த்தாள். அவர் தொந்தியில் இறுகியிருந்த மஞ்சளையும் பார்த்தாள்.

"நான்தான் தேதி வெச்சேன், மேபல். மறந்துட்டேன்."

அவள் உள்ளே போய், பெண்கள் பக்கம் கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். செயலாளர் முன்வரிசையில் பசங்களோடு இருந்தாக வேண்டும். அவள் எழுந்து போனால்கூட அவருக்குத் தெரியாது.

போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "லிங்கராஜபுரம் வாலிபனாகிய ஸ்டான்லி ஞானராஜுக்கும், கன்னிகையாகிய மேபல் சுகிர்தத்துக்கும்..."

மஞ்சள் வரிசையில் ஒருவன் மூக்கால் சிரித்தான். அடுத்தவன் இருமுவதுபோல் நடித்தான். ஸ்டான்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

கேட்டது செருப்புச் சத்தம் அல்ல, சிரிப்பு. கடைசி பெஞ்சிலிருந்து, அடக்கப் பார்த்து அடங்காமல், ஒரு பெண்பிள்ளையின் சிரிப்பு. சபை மொத்தமும் திரும்பியது. மேபல் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் யாரைப் பிடிப்பது? பெரியவர்கள், பசங்கள், பியாட்ரிஸ், எல்லோரும் சிரித்தார்கள். காது கேட்காதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"சிரிப்பைத் தடையா எடுத்துக்க முடியாது. வேற யாராவது தடை சொல்றீங்களா?" என்றார் போதகர்.

யாரும் சொல்லவில்லை. ஸ்டான்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கிவிட்டது, அதைப் பசங்கள் பார்த்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. ஆராதனை நடுவில் ஆண்கள் யாரும் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிற வழக்கமில்லை. அவர் உடம்போடு திரும்பி, பெஞ்சின் முதுகில் கையை ஊன்றி, வாயெல்லாம் பல்லாகக் கடைசி பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேபல் புத்தகத்தை இறக்கினாள். சிரிப்பு இன்னும் அடங்காத முகத்தோடு, வகுப்பில் பின்னால் திரும்பிய பிள்ளைக்குக் காட்டுவதுபோல், முன்னால் பார் என்று ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினாள். ஸ்டான்லி முன்னால் திரும்பிக் கைகட்டி உட்கார்ந்தார்.