எட்டாம் நம்பர்

"ஷூவ அப்புறம் பாக்கலாம், கால நீட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே அத்தை வாடிக்கையாளரின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறாள். விரலை எடுத்ததும் பள்ளம் தெரியாவிட்டால்தான் ஷூ காட்டுவாள். தெரிந்தால், முதலில் பிரஷரையும் ரத்தத்தையும் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவாள். கடை முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வந்து நின்றபோதும் இதே கதைதான். கட்டிக்கொள்வதற்கு முன் தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்தாள். "ஏன்டி, ஒலகத்தையே நடந்து அளந்தியா? குதிகால் இப்படி வெடிச்சிருக்கு. சரி, வீக்கமில்ல. பொழச்ச."

எங்கள் குடும்பத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும். தாத்தாவுக்கு வந்தது, பிறகு என் அப்பாவுக்கு. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கால் வீங்கும்வரை காத்திருக்கக் கூடாது, ரத்தத்தில் மரபணுவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று டாக்டர் அத்தையிடம் பலமுறை சொல்லிவிட்டார். "புரியுது டாக்டர், கைதான் கேக்க மாட்டேங்குது" என்பாள். ஊரார் காலையெல்லாம் அழுத்துகிறவள், தன் ரத்தத்தை மட்டும் கொடுக்கவே மாட்டாள்.

இந்த வருடம் அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. எட்டாம் நம்பர் ஷூ போட்ட கால், இப்போது பத்தாம் நம்பர் ரப்பர் செருப்பில் பிதுங்குகிறது. அத்தை தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தருவதாகச் சொன்னாள். மற்றப் பொருத்தங்கள் சேர்ந்துவிட்டன. அந்த மரபணு அவளிடம் இல்லையென்றால்தான் எடுப்பார்கள். கடைசியில் அண்ணனுக்காக, ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள். உனக்கு எதற்கு இந்த வேலை என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஜோடியில ஒத்தைய மட்டும் இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல. உனக்காகத்தான் பாக்குறேன். ரொம்பப் பிகு பண்ணாதண்ணே" என்றாள் அத்தை. அப்பா சிரித்துவிட்டார்.

நேற்று நான் கடையில் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஒரு சிறுமிக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தவள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். "எனக்கு இல்லையா? நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?" அந்தப் பக்கம் இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். முடிச்சை இறுக்கினாள். இறுக்கியது போதாதென்று அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டில் துழாவி ஒரு கறுப்பு ஷூ ஜோடியை எடுத்தாள். புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள். உள்ளே விரலை விட்டு எட்டாம் நம்பர்தானா என்று பார்த்துக்கொண்டு, யாருக்கும் விற்றுவிடாதபடி கல்லாவுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.