முதல் பல் ஊனுற கை

நான் அய்யம்பாளையத்துல பொறந்தவ. வெயில்ல காஞ்சு வளந்த உடம்பு. கொடைக்கானல் மலையில இருக்குற கூக்காலுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப எனக்கு மொதல்ல பிடிக்காமப் போனது குளிரு, ரெண்டாவது என் மாமனாரு. குளிரையாச்சும் பழகிக்கிட்டேன்.

அவரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. வயசாயிருச்சு, அம்புட்டுத்தான். விடிஞ்சா அடைஞ்சா அடுப்புப் பக்கத்துலயே கெடப்பாரு. நான் கஞ்சி காச்சணும்னா அவரு காலைத் தாண்டித்தான் போகணும். நெலத்தைப் பத்தியோ மாட்டைப் பத்தியோ ஏதாச்சும் சொல்ல வாயெடுத்தா, உங்களுக்கு எதுக்குப்பா இந்தச் சோலின்னு என் வீட்டுக்காரரு அடக்கிருவாரு. நானும் கூடச் சேந்துக்கிருவேன். ஊருல யாரும் அவரு இருக்காரா போயிட்டாரான்னு கேட்டதில்ல.

வருசத்துல ஒரே ஒரு நாளு மட்டும் கேப்பாங்க. ஐப்பசியில பூண்டு ஊனுற நாளு. எல்லா வீட்டுக்கும் சேத்து ஒரே நாளாப் பாத்து வச்சிருப்பாங்க. ஒவ்வொரு காட்டுலயும் மொதப் பல்லை ஊருக்கு மூத்தவரு ஊனித் தரணும். செருப்பு இல்லாம, தோள்ல கம்பளி இல்லாம, ஈர மண்ணுல குத்தவச்சு ஊனணும். அதுக்கப்புறந்தான் மத்தவங்க மண்ணைத் தொடுவாங்க. என் மாமனாரு கை ராசியான கைன்னு பேரு. அன்னைக்கு வெள்ளனே எங்க வாசல்ல ஆளு நிக்கும். பெரியவரு எந்திரிச்சுட்டாங்களான்னு அம்புட்டு மரியாதையாக் கேப்பாங்க.

அம்பதுகளோட கடைசின்னு நெனைக்கிறேன். என் மூத்தவ நடக்கப் பழகிக்கிட்டு இருந்தா. அந்த வருசம் ஊனுற நாளுக்கு ரெண்டு நாளைக்கு முந்தியே மாமனாருக்குக் காய்ச்சல். நம்ம காட்டுல மட்டும் ஊனவச்சுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு, மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்னு வீட்டுக்காரரு எங்கிட்டச் சொன்னாரு. ஆனா விடியக்காலம் நான் அடுப்புப் பத்தவைக்கப் போனா, மனுசன் தலப்பாக் கட்டிக்கிட்டுத் தயாரா உக்காந்திருக்காரு.

எங்க காட்டுல ஊனுனாரு. வரப்புலயே அடுத்த வீட்டுக்காரங்க நின்னாங்க, என் வீட்டுக்காரரால மறுக்க முடியல. அவங்களுக்கு அடுத்து இன்னொருத்தங்க. தூறல் விடவேயில்ல. மஞ்சு எறங்கி, பத்தடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியல. நான் அவரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். நாலாவது காட்டுல அவரு எம் பக்கம் திரும்பி மெதுவாச் சொன்னாரு.

"குளிருது தாயி. வீட்டுக்குப் போவமா?"

"இன்னும் மூணு காடுதான் மாமா. வெரசா முடிச்சுட்டுப் போயிரலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? விட்டுட்டுப் போனா, உங்களால எங்க பூண்டு வெளங்காமப் போச்சுன்னு ஊரு வருசம் முழுக்கப் பேசும். அது ஒரு காரணம். இன்னொண்ணும் இருக்கு, இப்ப மறைச்சு என்ன ஆகப்போகுது. அன்னைக்கு மட்டுந்தான் ஊருக்காரங்க என்னையும் வாங்கன்னு சொல்லுவாங்க. கீழ்நாட்டுல இருந்து வந்தவளுக்கு அது ருசிச்சுப் போச்சு. கடைசிக் காட்டுல அவரு வெரலு மடங்கல. பல்லை அவரு வெரலுக்கு அடியில வச்சு நாந்தான் அமுக்குனேன்.

வீட்டுக்கு வந்து படுத்தவரு எந்திரிக்கல. மூச்சு இழுத்துச்சு. கொடைக்கானல் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்னா நாலு ஆளு வேணும். பஸ்ஸெல்லாம் அப்ப ஏது? ஆளுக எல்லாரும் பூண்டு ஊனிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு நாளு பொறுங்க, ஊனி முடிச்சுட்டு வந்துர்றோம்னாங்க. சொன்னபடி மூணாம் நாளு வரத்தான் செஞ்சாங்க. தூக்குனாங்க, ஆனா ஆசுபத்திரிக்கு இல்ல.

எனக்கு அழுகை வரல. கல்லு மாதிரி நிக்கிறாளேன்னு பொம்பளைக பேசுனது காதுல விழுந்துச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல, மரத்துக் கெடந்துச்சு. கஞ்சி காச்சுனேன், பிள்ளையக் குளிப்பாட்டுனேன். அடுப்புக்குப் போற வழி இப்ப காலியா இருந்துச்சு. அது வசதியா இருக்குன்னுகூட ஒருநாள் நெனச்சேன். அந்த வருசம் பூண்டு நல்லாத் தெரண்டுச்சு. அந்தக் கையோட ராசின்னு ஊரே சொல்லி, வீட்டுக்கு ஒரு கொத்துக் கொண்டாந்து குடுத்தாங்க. நான் வாங்கி உத்தரத்துல தொங்கவிட்டு, ஒண்ணு பாக்கியில்லாம சமையலுக்குப் போட்டுத் தீத்தேன்.

மறு ஐப்பசியில ஊருக்கு மூத்தவரு கீழ வீட்டுத் தாத்தா. அவருக்கு இருமலு. ஊனுற நாளுக்கு முந்துன சாயங்காலம் அவரு மருமக எங்கிட்ட வந்து நின்னா. அக்கா, அனுப்பவா வேண்டாமான்னு கேட்டா. ஊருக்குள்ள வேற யாருகிட்டயும் அவ கேக்கல. எங்கிட்டத்தான் கேட்டா. நீ போகச் சொன்னியா, அவரே போறேங்கிறாரான்னு கேட்டேன்.

"மத்தியானமே தலப்பாவத் தொவைச்சுக் காயப்போட்டுட்டாருக்கா. பத்து வருசமா அவரை யாரும் எதுக்கும் கூப்பிட்டதில்ல."

நான் வெதைப் பூண்டை எடுத்துவச்சு ஒடைக்க உக்காந்தேன். அவ அதைப் பாத்துட்டுப் போயிட்டா.

மறுநாளும் தூறலு. எங்க காடு ஆறாவது. பாத்தி கட்டி, வெதைப் பூண்ட ஒடைச்சுப் பல்லாக்கி வச்சுக்கிட்டு, நாங்களும் வரப்புல காத்துக்கிட்டுத்தான் நின்னோம். அவரு இருமிக்கிட்டே வந்தாரு. கம்பளியை வாங்கி எங் கையில வச்சுக்கிட்டேன். அவரு உள்ளங்கையில பல்லை வச்சப்ப வெரலு பட்டுச்சு. ஜில்லுன்னு இருந்துச்சு.

"இங்கன ஊனுங்க"ன்னு எடத்தைக் காட்டுனேன்.