ஆறு என்ற மதிப்பெண்

மகன் நீட்டிய தேர்ச்சி அறிக்கையின் புதுத்தாள் மணம், தொண்ணூறுகளில் நான் படித்த சுவிஸ் மலையூர்ப் பாடசாலையை நினைவில் கொண்டுவந்தது.

அன்று கணிதத்தில் எனக்கு ஆறு. ஜெர்மனியிலிருந்த சித்தப்பா, "அண்ணை, இங்கை ஒண்டுதான் திறம். ஆறெண்டால் பெயில்," என்று தொலைபேசியில் அப்பாவிடம் சொல்லிவிட்டார். சுவிஸில் ஆறுதான் உச்சம் என்று நான் மன்றாடியும் அப்பா நம்பவில்லை. பனிச்சறுக்கு முகாமுக்கான அனுமதிப் படிவத்தில் கையெழுத்திடவும் மறுத்தார்.

"கணக்கிலை சறுக்கினது காணும், பனியிலை வேண்டாம்!"

மறுநாள் ஆசிரியை, அந்நாட்டு மொழி தெரியாத அவரை அழைத்து, ஆறு விரல்களை உயர்த்திக் கைதட்டிக் காட்டினார். அப்பா கையெழுத்திட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப பிரெஞ்சிலை ஏன் அஞ்சரை?"

ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்தது.

இப்போது மகன் என் முகத்தையே பார்த்து நிற்கிறான். ஜெர்மன் பாடத்தில் அவனுக்கு ஐந்தரை. பாராட்டத்தான் வாய் திறந்தேன்.

"அந்த அரை எங்கையடா போனது?"