மாவுக் கடைக்கு மேலே ஒரு பேண்ட்

நாங்கள் நான்கு பேர். பாடுகிறவன், கிட்டார்காரன், பேஸ் கிட்டார்காரன், டிரம்ஸில் நான். சினிமாப் பாட்டு கிடையாது, சொந்தப் பாட்டு மட்டும்தான் என்று சொன்னதும் திண்டுக்கல்லில் ஒருவரும் ஒத்திகைக்கு இடம் தரவில்லை. நாகல் நகரில் இட்லி மாவுக் கடை வைத்திருந்த ஓர் அக்காதான் கடை மாடியைத் தந்தார்.

"கீழ கிரைண்டர் ஓடுறப்ப மட்டும் வாசிங்கப்பு. ஒங்க சத்தம் எனக்குப் பெருசாத் தெரியாது" என்றார். நியாயமான ஏற்பாடாகத்தான் பட்டது.

அந்தப் பெரிய கிரைண்டரின் குழவி ஒரு பக்கம் தேய்ந்திருந்ததால் சுற்றுக்கு ஒரு தடவை டொக் என்று தட்டும். கொஞ்ச நாளில் அது எங்கள் காதில் விழுவதே நின்றுபோனது. தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதைப் பற்றிய எங்கள் பாட்டு ஒன்றை அந்த மாடியிலேயே போனில் பதிவு செய்து நெட்டில் போட்டோம். அது காலேஜ் பிள்ளைகளிடம் எப்படியோ பரவிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவன் டீக்கடையில் அதை முணுமுணுத்ததைக் கேட்டு, தேவையே இல்லாமல் இன்னொரு டீ சொல்லி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மேடைகள் வந்தன, வினையும் வந்தது. முதல் மேடையில் பாட்டு தலைதெறிக்க ஓடியது. அடுத்ததில் நடுவழியில் படுத்துக்கொண்டது. ஓடினாலும் படுத்தாலும் பழி டிரம்ஸ்காரன் மேல்தான். மதுரையில் ஒரு டிரம்மரிடம் பேசியிருப்பதாகவும், ஒட்டன்சத்திரம் நிகழ்ச்சிக்கு அவர் வருவார் என்றும், அங்கேயும் நான் சொதப்பினால் இனி அவர்தான் என்றும் பாடுகிறவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பகலெல்லாம் மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கிற எனக்கு இந்த டிரம்ஸை விட்டால் வேறு பெருமை கிடையாது. அதுவும் போய்விடும் என்று பயந்தேன்.

ஒரு சாயங்காலம் அக்கா காதுகுத்து விசேஷத்துக்காகக் குஜிலியம்பாறை போயிருந்தார். கிரைண்டர் ஓடவில்லை. ஆளில்லாத கடைதானே என்று வாசித்தோம். மேடையில் ஓடியது போலவே பாட்டு மாடியிலும் ஓடியது. திரும்பத் திரும்ப ஆரம்பித்தும் ஒப்பேறவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா வந்து, பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் கிரைண்டரைப் போட்டார். டொக், டொக். பாட்டு தானாக வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது.

பேஸ்காரன் கையை எடுத்துவிட்டுத் தரையையே பார்த்தான். "ஏலே, நாம அம்புட்டு பேரும் அந்தக் கல்லக் கேட்டுத்தான்டா வாசிச்சிருக்கோம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தப்பு என்னுடையதுதான், ஆனால் என்னுடையது மட்டும் இல்லை! அந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அசந்து தூங்கினேன்.

ஆனாலும் மதுரைக்காரரை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கிரைண்டர் ஓடாத காலை நேரத்தில் வாசிக்க அக்காவிடம் கெஞ்சி அனுமதி வாங்கினோம். மாவு வாங்க வந்தவர்கள் எங்களைத் திட்டியதையெல்லாம் அவர்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் இடது குதிகாலால் தரையைத் தட்டி, என் தாளத்தை நானே பிடித்துக்கொள்ளப் பழகினேன்.

ஒட்டன்சத்திரத்தில் மதுரைக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் குச்சிப் பை. பார்த்தால் நல்ல மனுஷராக வேறு தெரிந்தார், அதுவே எனக்கு எரிச்சல். தண்ணீர் லாரிப் பாட்டை எடுத்ததும் கூட்டம் கூடவே பாட ஆரம்பித்தது. பாடுகிற கூட்டம் எப்போதும் முன்னால் இழுக்கும். இழுத்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவது சரணத்தில் அத்தனை பேரும் என் அடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

இறங்கியதும் பாடுகிறவன் நேரே மதுரைக்காரரிடம் போனான். "வீண் அலைச்சல் குடுத்துட்டோம்ணே. எங்களுக்கு இவனே போதும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்குச் சிரமம் என்று அவர் எவ்வளவோ மறுத்தும் கேட்காமல், பஸ் ஸ்டாண்டுவரை நானே கூடப் போனேன். ஜன்னலோர சீட் பார்த்து உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தேன். கண்டக்டர் விசில் ஊதி, வண்டி நகர்ந்து, திண்டுக்கல் ரோட்டில் திரும்பிக் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.